சூளைச் சாம்பலில் நாலு விரல்

ஹெஸ்வால் மாவு ஆலைக்கு மூட்டையோடு வருகிறவர்களுக்கு முதலில் கேட்பது ஆலைக்காரன் ஹெக்டர் கோர்மாக்கின் கத்தல். அதற்கப்புறம்தான் தண்ணீர்ச் சக்கரத்தின் சத்தம். ஆனால் ஹெக்டருக்கு யாரும் பயந்ததில்லை. ஆலையின் வடக்குச் சுவரை ஒட்டி, தானியம் காயவைக்கிற சூளை ஒன்று நின்றது. அந்தச் சூளையைப் பார்த்துக்கொண்டவள் ஜெமைமா பட்ஜ். பயமெல்லாம் அவளிடம்தான்.

ஸ்காட்லாந்தின் இந்த வடகோடியில், கெய்த்னஸில், வெயிலை நம்பி ஓட்ஸ் அறுக்கிறவனுக்கு நாங்கள் பெண் கொடுக்க யோசிப்போம். அறுத்த கதிர் நனைந்துதான் வீடு வரும். நனைந்த ஓட்ஸைக் கல்லில் போட்டால் மாவு வராது, களிதான் வரும். அதனால் எல்லார் வீட்டு ஓட்ஸும் ஆலைக்குப் போகுமுன் சூளை ஏறி இறங்கியாக வேண்டும். சூளையின் அடியில் ஆள் குனிந்து நுழைகிற கல் வளைவு, அதற்குள் அடுப்பு. அடுப்புக்கு மேலே சுவர் அகன்றுகொண்டே போய், உச்சியில் துளையிட்ட ஓடுகள் பதித்த தளத்தைத் தாங்கும். அந்தத் தளத்தில்தான் ஓட்ஸைப் பரப்புவது. புகை ஓட்டைகள் வழியாக ஏறி, தானியத்துக்குள் நுழைந்து, கூரைக் கூம்பு வழியாக வெளியேறும். கூம்பின் நுனியில் ஒரு தகர மீன் காற்றுக்குத் தகுந்தபடி திரும்பிக்கொண்டிருக்கும்.

கீழே நெருப்பு ஜெமைமாவின் வேலை. மேலே நின்று மரத் துடுப்பால் ஓட்ஸைப் புரட்டிக் கொடுப்பது மூட்டைக்குச் சொந்தக்காரரின் வேலை. சதுப்பு நிலத்தில் விறகுக்காக வெட்டிக் காயவைத்த சதுப்புக் கட்டியில் பற்றவைத்து, பிறகு ஆலைக்கல் உரித்துத் தள்ளிய உமியைக் கை கையாகத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கை கூடினால் ஓட்ஸ் கருகும், இரண்டு கை கூடினால் கூரை போகும். ஜெமைமாவுக்கு இருபத்தைந்து வருஷத்தில் ஒரு மணி கருகியதில்லை. நடு நடுவே மேலே ஏறி வந்து ஒரு மணியை முன்பல்லில் கடிப்பாள். பல்லுக்குக் கீழே அது உடைகிற சத்தத்தை வைத்தே "இன்னும் ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவாள். எதிர்த்துப் பேசினவர்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அவள் புருஷன் மாக்னஸ் கடலோடு போனவன். அந்தக் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் மெத்தை என்றால் துணிப்பைக்குள் ஓட்ஸ் பதர். அறுவடைக்கு அறுவடை பழைய பதரைக் கொட்டிவிட்டுப் புதுசு அடைப்போம். அந்த மெத்தையில் ஒருவர் செத்துப்போனால், அடக்கம் முடிந்ததும் பதரை வெட்டவெளிக்குக் கொண்டுபோய்க் கொளுத்திவிட வேண்டும். நெருப்பு அணைந்து சாம்பல் ஆறினதும் அதைக் குனிந்து பார்ப்பார்கள். சாம்பலில் காலடித் தடம் தெரிந்தால், அந்தக் காலுக்குச் சொந்தக்காரர்தான் அந்த வீட்டில் அடுத்தபடி போகிறவர். பாதிரியார் வருஷத்துக்கு ஒரு தடவை பிரசங்க மேடையிலிருந்து இதைத் திட்டுவார். நாங்களும் பயபக்தியோடு தலையை ஆட்டிவிட்டு, அடுத்த சாவுக்குப் போய்க் குனிந்து பார்ப்போம்.

எங்கள் ஊரில் சாம்பல் பார்க்கிறவள் கிரிசெல் மேன்சன். அவளுக்குக் கண்ணும் கூர்மை, நாக்கும் கூர்மை. மாக்னஸின் தாயார் செத்தபோது மேட்டில் பதரைக் கொளுத்தினார்கள். மாக்னஸ் நெருப்பைச் சுற்றிச் சுற்றி நடந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். சாம்பல் ஆறினதும் கிரிசெல் குனிந்தாள், வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள், பிறகு நிமிர்ந்து மாக்னஸின் கால்களையே பார்த்தாள். ஊரிலேயே பெரிய பாதம் அவனுக்கு. அந்த வருஷம் ஹெரிங் மீன் சீசனில் படகு கவிழ்ந்தது. ஐந்து பேரில் நாலு பேர் நீந்திக் கரைக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஜெமைமாவிடம் சாம்பலைப் பற்றி யாரும் வாதாட முடியாது. பாதிரியாரே ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் எஃபி, இளையவள் மினா. மினாவுக்கு ஐந்து வயதில் இடது காலின் சுண்டுவிரல் வண்டிச் சக்கரத்தில் போய்விட்டது. மற்றபடி ஆடு மாதிரி துள்ளித் திரிகிற பெண். எஃபிக்குப் பத்தொன்பது வயதில் நெஞ்சில் சளி கட்டியது. முதலில் சளி என்றார்கள், பிறகு யாரும் பெயர் சொல்லவில்லை. குட்டையாக இரண்டு இருமல், அப்புறம் நீளமாக ஒன்று. ஆலைச் சக்கரத்தின் சத்தத்தையும் தாண்டி அந்த இருமல் சூளைக்குள் ஜெமைமாவின் காதில் விழும். கையில் உமியோடு அப்படியே நிற்பாள். மூன்றாவது இருமல் முடிந்த பிறகுதான் கை அசையும். அறுவடை முடிந்து சூளைக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதத்தில் எஃபி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கிரிசெல் ஜெமைமாவின் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"மெத்தைய எப்ப கொளுத்துற? நாளைக்குக் காலையில காத்து இருக்காதுன்னு நெனைக்கிறேன். நான் வந்துடுறேன்."

"நாளைக்கு உன் ஓட்ஸு சூளை ஏறுது. மறந்துட்டியா?"

"ஓட்ஸ் எங்க ஓடிப் போகுது? சாம்பலைப் பாத்துட்டு ஏத்திக்கலாம்."

முன்னால் மினா வெறுங்காலோடு ஈர ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். அவள் வைத்த இடமெல்லாம் சேற்றில் நாலு விரல், நாலு விரல் என்று பதிந்துகொண்டே போனது. தாய் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். வீட்டில் இனி இருப்பது இரண்டே பேர். சாம்பலில் ஒரு கால் தெரிந்தால் அது தன்னுடையதாக இருக்கும் என்று நம்புகிற தைரியம் அவளுக்கு வரவில்லை. மாக்னஸ் விஷயத்தில் அவளுக்கு அந்தத் தைரியம் இருந்தது. அது என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

பார்த்தால்தானே சகுனம்? பார்க்காத சாம்பல் என்ன சொல்லிவிடும்? அந்த ராத்திரி முழுக்க அவள் புத்தி இந்த ஒரே தடத்தில் ஓடியது.

காலையில் கிரிசெல் வந்தபோது எஃபியின் கட்டில் வெறும் பலகையாக இருந்தது.

"எங்கடி மெத்தை?"

"விடியக்காலையிலயே கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்திட்டேன்."

"யாரு பாத்தா?"

"பாக்குறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. காத்து வாரிட்டுப் போயிடுச்சு."

கிரிசெல் வாசலுக்குப் போய் ஆகாயத்தைப் பார்த்தாள். தகர மீன் ஆணி அடித்தாற்போல் அசையாமல் நின்றது.

"இந்த ஊரு காத்துக்கு உன் மேல மட்டும் என்னடி அப்படிப் பிரியம்?" என்றாள். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சூளைப் படி ஏறிவிட்டாள்.

எஃபியின் மெத்தைப் பதர் மூன்று சாக்கில் சூளை வளைவுக்குள் இருந்தது, உமிச் சாக்குகளுக்குப் பின்னால். ஜெமைமா சதுப்புக் கட்டியைப் பற்றவைத்தாள். முதலில் கொஞ்சம் உமி. அப்புறம் பதர். இருபத்தைந்து வருஷப் பழக்கம் கைக்கு இருந்தது. ஆனால் அந்தப் பதர் உமி மாதிரி எரியவில்லை. மாதக்கணக்காக வியர்வையில் ஊறினது அது. நெருப்பில் விழுந்ததும் அடங்கிப் புகைந்து, பிறகு வெடித்தது. குட்டையாக இரண்டு வெடி, அப்புறம் நீளமாக ஒன்று.

ஜெமைமா கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டாள். அடுத்த பிடி போட்டால் மறுபடியும் அதே இருமல். மேலே ஓடுகளின் ஓட்டை வழியாகக் கிரிசெலின் குரல் இறங்கி வந்தது.

"ஏ ஜெமைமா! என்ன உமிடி இது? வாசம் ஒரு தினுசா இருக்கு!"

"போன வருஷத்து உமி. ஈரம் பட்டிருக்கு."

"ஈர உமியில உப்பு வாசம் வருமா?"

மேலே மரத் துடுப்பு ஓட்ஸைப் புரட்டுகிற சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மறுபடி சரக், சரக் என்று ஆரம்பித்தது. கிரிசெல் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கிரிசெல் ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. ஜெமைமாவுக்கு அதை யோசித்துப் பார்க்கிற நிலைமை இல்லை.

மூன்று சாக்கும் சாயங்காலத்துக்குள் முடிந்தன. நெருப்பை அடங்க விட்டு, வளைவுக்குப் பலகையைச் சாத்திவிட்டு வந்தாள். காலையில் கண்ணை மூடிக்கொண்டு சாம்பலை வாரி, ஆலை வாய்க்காலில் கொட்டிவிடுவது என்பது அவள் திட்டம். ஓடுகிற தண்ணீரைச் செத்தவர்கள் தாண்ட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

காலையில் மினா பால் கறக்கப் போயிருந்தாள். ஜெமைமா சால்வையைக் கண்ணை மறைக்கும்படி இழுத்துக் கட்டிக்கொண்டு, சாம்பல் வாருகோலோடு வளைவுக்குள் குனிந்தாள். சாத்தி வைத்த பலகை சரிந்து கிடந்தது, அது அவள் காலில் தட்டியது. தடுமாறி விழப்போய்ச் சுவரைப் பிடித்தாள். சால்வை நழுவியது. கண் தானாகத் திறந்தது.

சாம்பல் மெத்தென்று அடுப்பு நிறையக் கிடந்தது. அதன் நட்ட நடுவில் ஒரே ஒரு காலடி. இடது கால். சின்னப் பாதம். நாலு விரல்.

அவள் வாருகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அந்தத் தடத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஆலைச் சக்கரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் எழுந்தாள். சாம்பலை வாரித் தண்ணீரில் விட்டாள். அது நுரை மாதிரி கொஞ்ச தூரம் மிதந்து போய்க் கரைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். வாய்க்கால் தண்ணீர் போதாது. நடுவில் ஒரு கடலே வேண்டும்.

ஸ்வான்சன் குடும்பம் வசந்தத்தில் கனடாவுக்குக் கப்பல் ஏறப் போகிறது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம் என்று ஹெக்டர் ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்தான். ஜெமைமா பசுவை விற்றாள். பாக்கிச் செலவுக்கு மாக்னஸின் வலைகளை விற்றாள். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது மினாவிடம் சொன்னாள்.

"மே மாசம் கப்பல். ஸ்வான்சன் வீட்டோட போற."

மினா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் என்னம்மா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. போ."

"நீ மட்டும் தனியா என்ன பண்ணுவ?"

"சூளை இருக்கு."

"அக்கா போய் இன்னும் மண்ணுகூடக் காயல. அதுக்குள்ள என்னையும் தள்ளிவிடுறியா?"

ஜெமைமா எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்தாள். காரணத்தைச் சொல்ல முடியாது. கண்ட சகுனத்தைக் குறிக்கப்பட்டவரிடம் வாய்விட்டுச் சொன்னால் அது ஆணி அடித்த மாதிரி உறுதியாகிவிடும். மாக்னஸிடம் கிரிசெல் பார்வையால் சொன்னாளே, அதுவே போதுமாக இருந்ததே. அதனால் அவள் பெருக்கினாள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பெருக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டு அடுப்பைச் சுற்றி, சூளை வாசலில், ஆலையில் மாவு படிந்த பலகைத் தரையில். எங்கே தூசி படிந்தாலும் அதில் நாலு விரல் தெரிந்துவிடுமோ என்று பயம். "இவ ஆலைக்கு வந்தா எனக்கு எலிகூட மிஞ்சாது போலிருக்கே" என்று ஹெக்டர் சிரித்தான்.

அவளை உயிரோடு கொன்றது இன்னொன்று. கிரிசெல் வீட்டு மாவு அந்த வருஷம் ஊருக்கே பிடித்துப்போய்விட்டது. கிரிசெல் வீட்டு ரொட்டியைத் தின்ற ஹெக்டரின் பெண்டாட்டி ஆலை வாசலில் நின்று, "என்ன மணம்! இந்த மாதிரி நீ ஒரு வருஷமும் காயவெச்சதில்ல ஜெமைமா" என்றாள். ஜெமைமா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உமி அள்ளினாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் உருளைக்கிழங்கும் மீனும் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை.

நெருப்பும் அவளை விடவில்லை. நல்ல காய்ந்த உமியைத்தான் போடுவாள். ஆனாலும் நாளில் ஒரு தடவையாவது இரண்டு குட்டை, ஒரு நீளம் கேட்டுவிடும். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு, பொத்துவதில் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும், "இரும்மா, இதோ" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

மே மாசம், கப்பல் ஏறுகிற அன்று காலை துர்சோ துறையில் தூறல். கப்பல் கொஞ்சம் தள்ளி நின்றது. ஆட்களைச் சின்னப் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஸ்வான்சன் குடும்பம் ஏறிவிட்டது. மினா புது பூட்ஸ் போட்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் பூட்ஸ். இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள்.

"பூட்ஸ் கடிக்குதா?"

"பூட்ஸ் இல்ல." மினா நின்றாள். கோபத்தில் இருக்கும்போது மாக்னஸுக்கு நெற்றி சுருங்குவது போலவே அவளுக்கும் சுருங்கியது. "எனக்குத் தெரியும்மா, நீ ஏன் என்னை அனுப்புறன்னு. வாயால சொல்லாம அனுப்பிடலாம்னு பாத்தியா?"

"என்ன தெரியும்?"

"சாம்பல்ல என் கால் தடத்த நீ பாத்துட்ட. அதானே?"

"யாரு... யாருடி சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? நான்தானே வெச்சேன்!" மினா மடித்து வைத்திருந்த கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு பித்தளைப் பொத்தான். நெருப்பில் கறுத்துப்போய், கப்பல்காரன் கோட்டுப் பொத்தான். "அக்காவோடது. மெத்தை மூலையில ஒளிச்சு வெச்சிருந்தா. சாகறதுக்கு முந்தின நாள் என் காதுல சொன்னா, எடுத்து வெச்சுக்கன்னு. நான் எடுக்கறதுக்குள்ள நீ மெத்தையப் பிரிச்சுட்ட. சாக்கை சூளைக்குத் தூக்கிட்டுப் போனதைப் பாத்தேன். காலையில பால் கறக்கப் போறேன்னு சொல்லிட்டு, பலகையத் தள்ளிட்டு உள்ள போனேன். எட்டல. ஒரு கால் உள்ள வெச்சேன். அடியில நெருப்பு இருந்துச்சு." அவள் பொத்தானை மறுபடி கைக்குட்டையில் சுற்றினாள். "சுட்ட புண்ணு இன்னும் முழுசா ஆறலம்மா. உன்கிட்ட காட்டவும் பயமா இருந்துச்சு. அக்கா சாம்பலை மிதிச்சவன்னுதானே என்னை வெறுத்துட்ட?"

ஜெமைமாவுக்கு ஒரு நிமிஷம் தூறல், துறை, கப்பல் எல்லாம் மறைந்துபோனது. வெறும் கால்! ஒரு பொத்தானுக்காக ஒரு அசட்டுப் பெண் வைத்த கால்! உடம்பிலிருந்து எட்டு மாசத்துப் பாரம் சரசரவென்று இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மினாவின் கையைப் பிடித்தாள். வா, வீட்டுக்குப் போகலாம், பசு போனால் போகட்டும் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

எடுத்து வைத்துக்கொள் என்று சொன்னது யார்? எஃபி. செத்துப்போகிறவள். அவள்தானே இந்தப் பெண்ணைத் தன் சாம்பலுக்குள் கூப்பிட்டிருக்கிறாள்? எத்தனை பேர் கால் வைத்திருக்கலாம் அந்தச் சாம்பலில்! ஹெக்டர் வைத்திருக்கலாம், ஜெமைமாவே வைத்திருக்கலாம். கூப்பிட்டவள் இவளைத்தான் கூப்பிட்டாள், இவளும் போனாள். சகுனம் என்றால் ஆகாயத்திலிருந்து குதிக்குமா? இப்படித்தான் வரும், ஒரு பொத்தானைக் காட்டிக்கொண்டு.

படகுக்காரன், "வர்றியா இல்லையாம்மா? தண்ணி இறங்குது!" என்று கத்தினான்.

ஜெமைமா பெண்ணின் கையை விட்டாள்.

"ஏறு."

"அம்மா..."

"ஏறுன்னு சொல்றேன்ல!"

மினா ஏறினாள். படகு கப்பலைத் தொடும்வரை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெமைமா கை அசைத்தாளா என்று யாராவது கேட்டால் எங்களால் சொல்ல முடியாது. அவளுக்கே அது ஞாபகமில்லை.

அதற்கப்புறம் அவள் இருபத்தாறு வருஷம் இருந்தாள். ஒவ்வொரு நாளும் சூளையில்தான். கனடாவிலிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். ஹெக்டரின் பெண்டாட்டி படித்துக் காட்டுவாள். மினா நன்றாக இருந்தாள். ஒன்டாரியோவில் ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டாள். மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கு எஃபி என்று பெயர். ஒவ்வொரு கடிதத்தையும் கேட்டு முடித்ததும் ஜெமைமாவின் முகத்தில் முதலில் சந்தோஷம் வரும். உயிரோடு இருக்கிறாள், அனுப்பினதால் பிழைத்தாள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றது வரும். அனுப்பாமலே இருந்திருந்தாலும் பிழைத்திருப்பாளோ? கடிதத்தை மடித்து மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்கு மடித்துவிடுவாள்.

ஒரு கடிதத்தில் மினா கேட்டிருந்தாள்: "இப்பவாவது என்னை மன்னிச்சிட்டியாம்மா? பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஒரு தடவை வரட்டுமா?"

படித்துக்கொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன எழுத? வரச் சொல்லட்டா?"

ஜெமைமா சூளை இருந்த பக்கம் திரும்பினாள். வளைவுக்குள் உமி வெடித்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

"அங்கயே இருக்கச் சொல்லு."

"மன்னிச்சிட்டேன்னாவது எழுதட்டா?"

"மன்னிக்க அவ என்ன பண்ணா?" என்று சீறினாள். ஹெக்டரின் பெண்டாட்டிக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அங்கேயே இரு என்பதை மட்டும் எழுதி அனுப்பினாள். அப்புறம் வந்த கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே போயின.

இதை நினைத்தால் எனக்கு ஜெமைமாவின் தோளைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கும். ஆனால் அவள் நின்ற இடத்தில் நான் நிற்கவில்லை.

எழுபத்திரண்டாவது வயதில், ஒரு அறுவடைக் காலத்தில், ஜெமைமா படுத்தாள். கிரிசெல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எண்பத்தைந்து. கண் மங்கியிருந்தது, நாக்கு மங்கவில்லை.

"கிரிசெல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எஃபி போன வருஷம் நீ தின்ன மாவு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மேல நின்னு புகையில வெந்தவ நான். எனக்குத் தெரியாதா? ஜுரக்காரி மெத்தை எரியற வாசத்த நான் எத்தனை தடவை மோந்திருக்கேன்."

"தெரிஞ்சே தின்னியா?"

"பின்ன என்ன, கொட்டச் சொல்றியா? நீ என்ன ஆனந்தத்துலயா அதைப் பண்ண? என் வாய்க்கும் ஒரு பூட்டு உண்டுடி. நீதான் நம்ப மாட்ட."

ஜெமைமா அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். நாலு விரலை, பொத்தானை, துறையில் திறந்து மூடின வாயை. கிரிசெல் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஜெமைமா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மெத்தைய மேட்டுல, வெட்டவெளியில கொளுத்து. ஊரு பாக்கட்டும். நீ நல்லாக் குனிஞ்சு பாரு. அதுல மினா கால் இல்லன்னா, அவ தப்பிச்சிட்டான்னு அர்த்தம். அவளுக்கு எழுதச் சொல்லு. எல்லாத்தையும் எழுதச் சொல்லு. நான் வெறுக்கலன்னு எழுதச் சொல்லு."

மூன்றாம் நாள் அவள் போனாள். அடக்கத்துக்கு மறுநாள் மேட்டில் பதரைக் கொளுத்தினோம். ஊரே வந்திருந்தது. சூளைக்காரியின் மெத்தை அல்லவா, நன்றாகக் காய்ந்த பதர், சத்தமே இல்லாமல் எரிந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. மரியாதைக்காரர்கள் மாதிரி தள்ளி நின்று பார்த்தோம். மத்தியானத்துக்குள் சாம்பல் ஆறிவிட்டது. ஹெக்டர் கிழவன் கைகொடுக்க, கிரிசெல் மெதுவாக மேடேறி வந்து குனிந்தாள்.

சாம்பல் பிசைந்து வைத்த மாவு மாதிரி வழவழவென்று கிடந்தது. அதில் ஒரு கோழிக் கால்கூட இல்லை.

"மினா கால் இல்லையே? நல்லதுதானே?" என்று ஹெக்டர் கேட்டான்.

கிரிசெல் நிமிரவில்லை. "யாரு காலும் இல்ல ஹெக்டர். அறுபது வருஷமா சாம்பல் பாக்குறேன். தடமே இல்லாத சாம்பல இன்னிக்குத்தான் பாக்குறேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "எல்லா வீட்டுலயும் யாராவது ஒருத்தர் அழுதுட்டே கிட்ட போயிருப்பாங்க. அவங்க தடம்தான் பதிஞ்சிருக்கும். மாக்னஸ் சுத்திச் சுத்தி வந்தானே. அவங்கம்மா சாம்பலச் சுத்தி... கடவுளே, நான் அவன் காலையே பாத்துட்டு நின்னேனே."

தகர மீன் கீழே சூளைக் கூம்பின் மேல் கிரீச்சென்று ஒரு பக்கம் திரும்பியது.

கிரிசெல் ஹெக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் செருப்பைக் கழற்றினாள். காலுறையை உருவினாள்.

"என்ன பண்ற? பைத்தியமா உனக்கு?" என்று ஹெக்டர் கத்தினான். "தெரியுமில்ல, கால் பட்டா..."

"எண்பத்தஞ்சு வயசுல அடுத்தது நான்தான்னு சொல்ல சாம்பல் வேணுமா?" என்றாள் கிரிசெல். "நெருப்புக்காரி. அவ சாம்பல இப்படி மொட்டையா விட எனக்கு மனசு வரல."

காலைத் தூக்கிச் சாம்பலின் நடுவில் வைத்தாள். அழுத்தி வைத்தாள், ஐந்து விரலும் பதியும்படி.